கொப்பரைத் தராசும் பக்தவத்சலத்தின் தொப்பையும்

பந்தல் ஒழுகுனாலும் பதவிசா வீற்றிருக்கும் விழாத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி பாபு அவர்களே! பெரார்கஞ்ச் பெரியோர்களே! பக்கத்தூரு சௌல்தாரியிலேர்ந்து சேறு மிதிச்சு வந்த சொந்தங்களே! மடியில புள்ளையும் கையில முறுக்குமா உக்காந்திருக்கிற தாய்மார்களே! இந்தப் பழனிசாமியோட பணிவான வணக்கம்!

எனக்கு எழுத்து தெரியாது. ஆளு தெரியும்! இந்த வார விளையாட்டுப் போட்டியில எந்த ஒடம்பு எந்த ஆட்டத்துக்குத் தோதுன்னு பேச வந்தேன்.

போன குடியரசு தினத்துக்குக் கயிறு இழுக்க ஆள எப்படி எடுத்தோம்? கொப்பரை நிறுக்கிற தராசுல ஏத்தி எடுத்தோம்! அந்தத் தராசு மளிகைக்கட உதயசூரியன் அண்ணாச்சி இந்தத் தீவுக்குக் கப்பல்ல கொண்டாந்தது. அண்ணாச்சி மூணு நாளும் வாந்தி... யாரு, விசாலாட்சியா? "விசயத்துக்கு வா"ங்குதா? வர்றேன் தாயி, வர்றேன்.

கனத்த எட்டுப் பேர எடுத்தோம். யோசன யாரோடது? என்னோடதுதான்! கடைசி ஆளு பரோட்டாக்கட பக்தவத்சலம். கயித்த அவன் இடுப்புல கட்டிவிட்டோம். எதிர்ல சௌல்தாரிக்காரங்க எட்டுப் பேரு, எட்டும் கருவாடு! ஆனா அன்னாடம் கரைவலை இழுக்கிற ஒடம்பு. குதிகால ஊனி, ஒரே மூச்சுல பின்னால நடந்தாங்க. நம்மாளுங்க ஆளுக்கொரு மூச்சு! தராசுக்குக் கனம் தெரியும், கைப்பழக்கம் தெரியுமா?

ஏழு பேரு கயித்த விட்டுட்டாங்க. இடுப்புல கட்டுனவன் எப்படி விடுவான்? யானை இழுக்கிற படாக் மரம் மாதிரி சேத்துல போனான், போனான், போயிட்டே இருந்தான்!

சிரிக்கிறீங்க. அன்னிக்கும் சிரிச்சோம். "கட்டை"ன்னு பேரும் வச்சோம். "கட்டை, ரெண்டு பரோட்டா வை!" கேட்டுக் கேட்டு நொந்து, கடையச் சாத்திட்டு மெயின்லேண்டுக்கு டிக்கெட் எடுத்துட்டான் அந்தப் புள்ள. அதுக்கு முன்னால இந்தப் போட்டியில நீச்சலுக்குப் பேரு குடுத்துப் பாத்தான்; "முங்கிருவான்"னு கமிட்டி அடிச்சிருச்சு.

முங்குவானா? போன மழைக்கு டுங்கிப் படகு கவுந்துச்சே, முங்குனது யாரு? ஓட்டத்துல அஞ்சு வருசமா முதல் வர்ற சிலுவைராஜ்! தரையில மானு, தண்ணியில கல்லு! எலும்பு முங்கும், கொழுப்பு மெதக்கும். எண்ணெ தண்ணி மேல நிக்குதா இல்லியா? ஒத்தக் கையில சிலுவையப் புடிச்சுக்கிட்டு படகுத்துறை வரைக்கும் நீந்துனான் பக்தவத்சலம். ஏ சிலுவை, குனியாத. சொல்லு!

"ஆமா மாமா. அந்தத் தொப்பை இல்லேன்னா நானில்ல."

கேட்டீங்களா! ஓடுற ஒடம்பு ஓடட்டும்! இழுக்குற ஒடம்பு இழுக்கட்டும்! மெதக்குற ஒடம்ப மட்டும் ஏன் ஊர விட்டு அனுப்பணும்? பாபு, நாம் லிக்கோ! அடிச்ச பேர எழுதுங்க!

எழுதிட்டாரு! பின்னால எந்திரிக்கிறது யாரு? பக்தவத்சலமா? என்னப்பா?

"அண்ணே, கப்பல் வியாழக்கிழமை. நீச்சல் சனிக்கிழமைல்ல?"

ஆமாப்பா.

"அப்ப டிக்கெட்ட உதயசூரியன் அண்ணாச்சிக்கே குடுத்துர்றேன். அவரு போயி வாந்தி எடுக்கட்டும்!"

கை தட்டுங்க ஜனங்களே! இனிமே யாராச்சும் "கட்டை"ன்னீங்க, பரோட்டா கெடையாது. நனைஞ்சுக்கிட்டே கேட்ட உங்களுக்கும், ஊர்ல தங்குற தம்பி பக்தவத்சலத்துக்கும் நன்றி, வணக்கம்!