கத்தரிக்காய்க் கலர் ஈ

இல்ல சார், தண்ணி வேணாம். கதவை மட்டும் கொஞ்சம் சாத்திக்கட்டுமா? அவரு வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு. கண்ணு எப்படியோ, காது இன்னும் பாம்புக் காது.

ஆமா, அதே ஆளுதான். கொய்யாத் தோட்டத்துல ஈப்பொறி கட்டுறவரு. மரத்துக்கு மரம் டப்பா தொங்கவிட்டு, உள்ள விழுந்த ஈய எண்ணி உங்க பூச்சி ஆபீஸுக்குக் கணக்கு அனுப்புவாரே, அவரேதான். நான் அவரு வீட்டுக்காரி. போன வாரம் போன்ல உங்கள நச்சரிச்சதும் நான்தான், கோச்சுக்காதீங்க.

விஷயம் இதுதான் சார். அவரு மண்டைக்குள்ள கட்டி. பெரிய டாக்டரு ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல பிடிச்சு எங்களுக்குக் காட்டினாரு. பார்வைக்கான எடத்தை அழுத்துதாம். இல்லாத கலரெல்லாம் தெரியலாம்னாரு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிட்டா பொழைச்சுக்குவாரு, தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லைன்னுட்டாரு.

அதுக்கு இவரு என்ன கேட்டாரு தெரியுமா? அப்ப நான் பாத்த ஈ? அதைத்தான் கேட்டாரு. டாக்டரு பாவம், என்ன ஈன்னு முழிக்கிறாரு. இவரு ஆரம்பிச்சுட்டாரு, உடம்பு கத்தரிக்காய்க் கலரு, காலு மஞ்சள், றெக்கை நுனியில வெள்ளைப் பொட்டுன்னு. டாக்டரு சிரிச்சுகிட்டே, பாத்தீங்களா, நான் சொன்ன கோளாறு இதுதான்னுட்டாரு. அந்த ஒரு வார்த்தைல காரியத்தைக் கெடுத்தாரு சார். இவரு எந்திரிச்சுட்டாரு. ஈ நிஜம்னா என் தலையும் நல்லாத்தான் இருக்கு, கத்தி வைக்க விடமாட்டேன்னு வந்துட்டாரு.

நல்லா இருக்காம்! தெனம் இடது தோளைக் கதவுல இடிச்சுக்கறாரு. டம்ளரை மேசைல வைக்கறதா நெனச்சுக் காத்துல வைக்கறாரு. பொண்ணு பக்கத்துலயே நிக்கிறா, அவ எங்கன்னு என்னையக் கேக்குறாரு. அவ பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றா.

நானும் அழுதேன், சண்டை போட்டேன், பட்டினி கெடந்தேன். ம்ஹூம். கடைசியில அவரே ஒரு வழி சொன்னாரு. ஈ சார் சொல்லட்டும், அப்படி ஒரு ஈ கிடையாதுன்னு அவரு வாயால சொன்னா அன்னிக்கே போய்ப் படுத்துக்கறேன்னாரு. உங்களை அவரு ஈ சார்னுதான் சொல்வாரு, தப்பா எடுத்துக்காதீங்க. ஈ விஷயத்துல உங்க பேச்சைத் தவிர வேற யாரு பேச்சும் அவருக்கு ஏறாது.

அதனால நீங்க இல்லைன்னு சொல்லணும் சார். அவ்வளவுதான்.

தேனீயா? இல்ல சார், ரெண்டே றெக்கைதான். அந்தரத்துல எல்லாம் நிக்காது. இலை மேல நடக்கும். நடந்துகிட்டே ஒரு றெக்கைய மட்டும் ஆட்டும், நிறுத்தும், அப்புறம் இன்னொன்ன ஆட்டும், யாரையோ வா வாங்கற மாதிரி. நெழல் பட்டா பறக்காது, இலைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். கண்ணு செம்புக் கலரு. வெயில் விழுந்தா அதுல பச்சையா ஒரு கோடு ஓடும்.

ஐயோ, நீங்க ஏன் சார் புத்தகத்தை எடுக்குறீங்க? இல்லைன்னு சொல்லத்தானே கேட்டேன்!

பொய் சொல்லிப் பழக்கமில்லையா? எனக்கு மட்டும் இருக்கா? அந்த ஈ அவருக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா? காலமெல்லாம் செத்த ஈய எண்ணின மனுஷன் சார். உசுரோட ஒண்ணை, யாருமே பாக்காத ஒண்ணைப் பாத்துட்டேன்னு அன்னிக்குச் சட்டையெல்லாம் மண்ணா ஓடி வந்தாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த மொகத்தை நான் பாக்கல. அதைத்தான் பிடுங்கறோம். வயிறு எரியுது. ஆனா எனக்கு ஆளு வேணும் சார்.

அவரு எழுதி அனுப்பினதுல பச்சைக் கோடு இல்லையா? இருக்காது. அவரு கண்ணுக்கு இப்ப அவ்வளவு நுணுக்கமா எங்க தெரியுது?

காலைல அவரு தூங்கறப்ப தோட்டத்துக்குப் போனேன். நானும் தேடிட்டேன், ஒண்ணுமில்லைன்னு அவரு தலையில அடிச்சு சத்தியம் பண்ணலாம்னுதான் போனேன். ரொம்பத் தேடவே இல்ல, கண்ணு முன்னாடி உக்காந்திருந்துச்சு. இந்தாங்க, மாத்திரை டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். உசுரோடதான் இருக்கு. ஈயும் நிஜம், கட்டியும் நிஜம், நான் என்ன சார் பண்ணுவேன்? அவரு ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் பேரு வைங்க, என்ன வேணா பண்ணுங்க. இப்ப அதை டிராயர்ல வச்சு மூடிடுங்க. அவரைக் கூப்பிடுறேன்.