‘ஃபைன், தாங்க் யூ’ கற்றுத்தந்த தங்கமலர் ரீச்சருக்கு

கிரின்ஸ்டெட் நகரில், சனிக்கிழமை ஆங்கில வகுப்பிலிருந்து ஓய்வுபெறும் திருமதி தங்கமலர் சிறீஸ்கந்தராசா அவர்களுக்கு, அவரிடம் கற்றோர் கூடி வாசித்தளிக்கும் மடல்.

பனி பெய்தாலும் பணி பிழையாப் பெருமாட்டியே! ஊமைகளாய் வந்திறங்கிய எங்களை உரையாட வைத்த உத்தமியே! எங்கள் வறண்ட நாவில் ‘குட் மோர்னிங்’ நட்டு, ‘எக்ஸ்கியூஸ் மீ’ எனத் தளிர்க்கச் செய்த தகைமையே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் ரீச்சர் நிலத்தைப் பார்ப்பார் என்பது ஊரறிந்தது. ஆகையால் சபையோருக்கே சொல்கிறோம். ரீச்சர், அடுத்த வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதில் இவ்வூரில் எவருக்கும் பயிற்சி தேவையில்லை.

இந்நாட்டு டேனிஷ் மொழி எங்கள் தொண்டைக்குள் இறங்க மறுத்து, அரைகுறை ஆங்கிலமே அந்தர ஆபத்துக்கு உதவிய காலம் அது. கிழமை முழுதும் முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்த ரீச்சர், சனிக்கிழமை பின்னேரங்களில் தேவாலயத்து நிலவறையில் வகுப்பு விரித்தார். கதவைத் தட்டுவது எப்படி, பஸ்ஸில் இடம் கேட்பது எப்படி, பக்கத்தில் ஒருவர் தும்மினால் என்ன சொல்வது என்று அன்றாடத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே ஊட்டப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாய் ஒரு சட்டம் இருந்தது.

“ஆர் சுகம் விசாரிச்சாலும் முதல்ல சிரிப்பு. பிறகு ‘ஃபைன், தாங்க் யூ’. பிறகு அவையின்ரை சுகத்தைக் கேக்கிறது. வெள்ளைக்காரனுக்கு முன்னாலை ஒப்பாரி வைக்கிறேல்லை. விளங்கிச்சோ?”

ஒப்பாரி வைத்தவருக்கு அன்று தேத்தண்ணியோடு பிஸ்கட் கிடையாது. அப்படிப் பிஸ்கட் இழந்தோரில் முதல்வர் மன்னார் ஸ்ரனிஸ்லாஸ். மனைவி அமலராணியையும் கைக்குழந்தையையும் சண்டை நடக்கும் ஊரில் விட்டு வந்தவர். காலநிலையைப் பற்றிக் கேட்டாலும் அமலராணியில் கொண்டுபோய் முடிப்பவர்.

அங்கே உயிருக்கு ஆபத்தென்று மனைவியை இங்கே அழைக்க மனுப்போட்டிருந்த அவரை, எண்பத்தெட்டாம் ஆண்டு மாரியில் குடிவரவுக் கந்தோருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை அவர் வகுப்புக்குள் வந்த வரவில் நிலவறையே வெளிச்சமானது.

“ரீச்சர், ஒரு பிழையும் விடேல்லை! உம்மடை மனிசி எப்பிடி எண்டு இங்கிலீசிலை கேட்டான். சிரிச்சன். ‘ஃபைன், தாங்க் யூ’ எண்டன். அங்கை ஏதும் கரைச்சலோ எண்டான். ‘நோ ப்ராப்ளம், சேர்’ எண்டன். பிறகு அவன்ரை மனிசியின்ரை சுகத்தையும் கேட்டன்!”

வகுப்பு கைதட்டியது. “பெட்டியோடை பிஸ்கட் அண்ணைக்கு!” என்று கத்தினார் எங்கள் வகுப்பு ஆனந்தராஜா.

ரீச்சரின் கையிலிருந்த சோக் மட்டும் அசையவில்லை. சொந்த வீட்டில் படுக்கப் பயந்து, கோயில் விறாந்தையில் பிள்ளையோடு கிடக்கிறாள் அமலராணி என்று அதற்கு முந்திய கிழமைதான் இதே ஸ்ரனிஸ்லாஸ் அழுதிருந்தார். அழுததற்காக அவரது தட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்த கை ரீச்சரின் கை. கைதட்டல் ஓயுமுன்னே ரீச்சருக்கு முகம் பற்றி எரிந்தது.

“ஸ்ரனிஸ்லாஸ், அவன் அதை எழுதினவனோ?”

“ஓம் ரீச்சர். வடிவா எழுதினவன்.”

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ரீச்சர் அவரை அதே கந்தோருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் வழிநெடுகப் பயத்துக்கும் பசிக்கும் ஒளிந்திருப்பதற்குமான ஆங்கிலச் சொற்களை, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி பருக்குவதுபோல் பருக்கினார். உள்ளே ஸ்ரனிஸ்லாஸ் தலைகுனிந்தபடி அத்தனையும் சொன்னார். அதிகாரி இதையும் சேர்த்து எழுதிக்கொண்டார். முன்பு சொன்னதை அழிக்க முடியாது என்றார்.

அதன்பின் மாதக்கணக்காய் ஒரு பதிலும் இல்லை. “சிரிச்சுக்கொண்டு சொல்லப் படிப்பிச்சா மனிசி எப்பிடி வரும்?” என்று கடைவாசலில் ஆனந்தராஜா கூறிய திருவாசகம் அன்று மாலையே ரீச்சரின் காதை எட்டியது. எட்டவைத்தவர் யாரென்று இம்மடல் ஆராயாது.

தொண்ணூறாம் ஆண்டு அமலராணி வந்தார். பில்லுண்ட் விமான நிலையத்துக்கு ரீச்சர் பூங்கொத்தோடு போனார். நடக்கவும் கதைக்கவும் பழகிவிட்ட மகள், தகப்பனைக் கண்டதும் தாயின் சேலைக்குள் ஒளிந்து, “அம்மா, இந்த மாமா ஆர்?” என்றாள். ரீச்சர் பூங்கொத்தைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து அமலராணி வரும் தெருவில் ரீச்சர் இல்லை. கடையில் அவர் அரிசிப் பக்கமென்றால் இவர் சவர்க்காரப் பக்கம். பஸ் அரிதான இவ்வூரில், அமலராணி ஏறியிருந்தாரென்று வந்த பஸ்ஸையே விட்டுவிட்டு ரீச்சர் குளிரில் நடந்ததைக் கண்டவர்கள் உண்டு.

இப்போது பத்திரிகைகளில் அந்தப் பெரிய விவகாரம் நாறுகிறது: எங்களவரின் குடும்ப மனுக்களை அரசின் மேலிடமே முடக்கி வைத்திருந்ததாம். முறையாக அழுதவர்களின் மனுக்களும் அங்கேதான் கிடந்தன. போன மாதம் ஆனந்தராஜா பத்திரிகையும் கையுமாக ரீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

“ரீச்சர், பிழை உங்களிலை இல்லை. அண்டைக்கு நான் கதைச்சது...”

“அது அவையின்ரை வெக்கம், தம்பி. என்ரை எனக்கு.”

தேத்தண்ணி கொடுத்தே அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை, வகுப்பை விடுவதாக அறிவித்தார். முழங்கால் வருத்தமாம்! அந்த முழங்காலோடுதான் பஸ்ஸை விட்டுவிட்டு வீடுவரை நடந்தவர்.

இம்மடலுக்குக் கையொப்பம் கேட்டு அமலராணியிடம் போனோம். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்:

“அந்த ரெண்டு வருசமும் எனக்குத் திரும்பி வராது. போனாப் போகுது எண்டு நான் சொல்லவும் மாட்டன். ஆனா ஒருத்தரையும் தெரியாமல் வந்திறங்கின எனக்குப் பூவோடை வந்த மனிசி அவதான். அவவும் முகம் குடுக்காட்டி, இந்த ஊரிலை நான் ஆரோடை கதைக்கிறது?”

சொல்லிவிட்டுத்தான் ஒப்பமிட்டார்.

ஆகவே, எங்கள் ரீச்சரே! மூட்டு வலி முடங்கி, மூச்சு சீராய், பேரர்க்குப் பேரர் பிறந்து உங்களைக் கரைச்சல் படுத்தும்வரை நீங்கள் வாழவேண்டும். கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலை மேடையில் வைத்துத் தருவதாக இல்லை. முன்வரிசையில் அமலராணிக்குப் பக்கத்துக் கதிரை ஒன்றை வெறுமையாக விட்டிருக்கிறோம். நீங்கள் இறங்கிப்போய் அதில் இருந்தபின், அவர் கையால் தருவார். அவசரமில்லை. மண்டபச் சாவி ஆனந்தராஜாவிடம். நீங்கள் அந்தக் கதிரையில் வந்து இருக்கும்வரை அவர் பூட்டமாட்டார்.

இங்ஙனம்,
நீங்கள் வாய்திறக்க வைத்ததனால் இன்று வாய்மூட மறுக்கும்
சனிக்கிழமை வகுப்பினர்
கிரின்ஸ்டெட், 1992