இல்லாத சாவி

— அப்ப இன்னொரு சாவி எங்கம்மா கீது? அது இல்லாம வேலைல கைய வெச்சா பேஜாராப்பூடும்.

— அது எங்க மகன்ட்ட இருக்கு தம்பி. ஜெகதீஷுன்னு பேரு. இந்தக் காரே அவன் வாங்குனதுதான்.

— அப்ப அவர இட்டுகினு வாங்க. ஞாயித்துக்கெழமகூட கடை தொறந்துதான் கீது. அம்பத்தூர் ஓ.டி.ல எறங்கி, சாவி துலுக்கானம்னு கேட்டா யாரு வோணாலும் சொல்லுவாங்க.

— அவன் ஊர்ல இல்லப்பா. கையில இருக்குறத வச்சு ஒண்ணு போட்டுக் குடு. போதும்.

— அதுல ஒரு விசயம் கீது சார். இது பூட்டுச் சாவி மாதிரி சொம்மா வெட்டிக் குட்துட முடியாது. தோ பாரு, இந்தத் தலைக்குள்ள ரவ்வோண்டு சிப்பு கீது. சாவிய சொருவுனா, நீ யாருன்னு வண்டி கேக்கும். அது கரீக்டா பதில் சொன்னாத்தான் இஞ்சின் எய்ந்துக்கும். புதுசு ஒண்ணு சேக்கறப்ப வண்டி பழசெல்லாம் மறந்துட்டு மொதல்லேர்ந்து கத்துக்கும். அப்ப எந்தச் சாவிய காட்டுறமோ அத மட்டுந்தான் ஏத்துக்கும். காட்டாத சாவி செத்துப்பூடும்.

— செத்துப்போவும்னா?

— கதவு தொறக்கும்மா. உள்ள குந்திக்கலாம். வண்டி மட்டும் கெளம்பாது.

— சரிப்பா, பரவாயில்ல. நீ போடு.

— போடாத தம்பி.

— கமலம், ஒரு சாவி விஷயம். அதுக்குப் போயி...

— உங்கள்ட்ட நான் எத்தன மாசமா சொல்லுதேன்? ஒரே சாவிய வச்சுக்கிட்டு அல்லாடுதமே, இன்னொண்ணு போடுங்கன்னு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வந்திய. போன வாரம் மார்க்கெட்டுல சாவியத் தொலச்சுட்டு, அம்புட்டுக் கூட்டத்துல ரெண்டு பேரும் குனிஞ்சு தேடி எடுத்தம்லா. அதுக்கப்புறம்தான் நானே உங்களக் கூட்டிக்கிட்டு வந்தேன். இப்ப அவன் சாவி செத்தாலும் பரவாயில்லங்குதிய.

— அவன் அத வச்சிருக்கானோ, எங்க தூக்கிப் போட்டானோ.

— வச்சிருக்கான்.

— யம்மா, கோச்சுக்காத. நடுவுல பூந்து கேக்கறேன். தம்பி வெளிநாட்லயா கீறாரு?

— எங்க இருக்கான்னே தெரியாது தம்பி.

— கமலம், இங்க வச்சு எதுக்கு இதெல்லாம்? கடைக்கு நாலு பேர் வந்து போற எடம்.

— யாரு வந்தா என்ன? நாம யாருக்குத் தெரியாம இருக்கோம்? தம்பி, இவிய அண்ணனூர் ஷெட்டுல எலக்ட்ரிக் ரயில் வேல பாத்து ரிட்டயர்டு ஆனவிய. நாங்க தென்காசிப் பக்கம். ஒத்தப் புள்ள. கம்ப்யூட்டர் கம்பெனில வேலைக்குச் சேந்து, சேந்த வருசமே இந்த வண்டிய எடுத்தான். அப்புறம் கம்பெனில ஆளக் கொறச்சாவ. அதுல இவனும் போயிட்டான். எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லல. காலைல குளிச்சு, சட்ட தேச்சுப் போட்டு, நான் கட்டிக் குடுத்த சாப்பாட்ட எடுத்துக்கிட்டு வண்டில போவான். சாயங்காலம் வருவான்.

— ஐயே.

— பூந்தமல்லி பைபாஸ் ஓரம் நிறுத்திட்டு அதுக்குள்ளயே கெடந்திருக்கான். இவிய கூட வேல பாத்த ஹேமநாதன் அந்தப் பக்கம் போனவர், பாத்துட்டு வந்து சொல்லிட்டாரு.

— நான் சொன்னது தப்புதான். அத எத்தன தடவ ஒத்துக்கணும்?

— நீங்க ஒத்துக்கணும்னு நான் கேக்கல. அந்தத் தம்பி என்ன ஏதுன்னு தெரியாம நிக்கான், அதுக்குச் சொல்லுதேன். ராத்திரி சாப்பாட்டுல உக்காந்திருக்கான். தட்டுல சோறு இருக்கு. இவிய சொல்லுதாவ, உனக்கு வண்டிதான வீடு, அங்கயே போய்க் கெடன்னு. அவன் கையக் கழுவிட்டு, ஆணில தொங்குன வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டு எறங்கிட்டான். நானும் சரி, கீழ வண்டில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவான்னு பால் காச்சி ஆத்தி எடுத்துட்டுப் போறேன். வண்டி நிக்கி. அவனக் காணல.

— போனு கீனு?

— அன்னைக்கு அணஞ்சதுதான். போலீஸ் ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுத்தோம். வயசு வந்த பையன், தானா வருவான்னு சொன்னாங்க. அவன் சேக்காளிக வீடெல்லாம் ஏறி எறங்கியாச்சுப்பா. விடு. அவன் வரப் போறதில்ல.

— வந்தாம்லா.

— கமலம்.

— வந்தான். நீங்க நம்பாட்டாப் போங்க. சித்திரைல இவிய தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் தம்பி. ரயில்ல ஊருக்குப் போயிட்டோம். வீட்டப் பூட்டிட்டு, வண்டியக் கீழயே நிறுத்திட்டு. திரும்பி வந்து வண்டியத் தொறந்தா, டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னால தள்ளிக் கெடக்கு. இவிய குட்ட. ஸ்டீயரிங்கு நெஞ்சுல முட்டத்தான் சீட்ட இழுத்துப் போட்டு ஓட்டுவாவ. என் பிள்ள நெடுநெடுன்னு இருப்பான். அவனுக்குத்தான் அப்படித் தள்ளணும். முன்னால இருக்க பெட்டில அவன் காதுல மாட்டுத ஹெட்போன் கெடக்கும். அத மட்டும் காணல. வேற ஒண்ணும் போகல.

— மெய்யாலுமா? அக்கம் பக்கத்துல யாரும் பாக்கல?

— நாலு வீடு உள்ள சின்ன பில்டிங்கு. வாச்சுமேனும் கெடையாது. கீழ்வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருந்தாவ. அன்னைலருந்து நான் வண்டில ஒரு செட்டுத் துணியும் ஒரு டப்பால முறுக்கும் வச்சுருக்கேன். நமத்துப் போகப் போக மாத்தி வைக்கேன். அதுக்கப்புறம் டப்பாவ யாரும் தொடல.

— கார் கழுவுற பையன் சீட்டத் தள்ளியிருப்பான்னு அன்னைக்கே சொன்னேன். நீ கேட்டாத்தான.

— கார் கழுவுதவனுக்கு அவன் ஹெட்போன் எதுக்கு? இங்க பாருங்க. அவன் வீட்டுக்கு வர வெக்கப்பட்டுக்கிட்டு வண்டிக்கு வந்திருக்கான். நாளைக்கும் வருவான். வந்து சாவியப் போட்டு, அது கெளம்பலன்னா என்ன நெனப்பான்? அவன் வண்டி அவனையே யாருன்னு கேட்டா? அப்பா நம்மள அடியோட வெட்டி விட்டுட்டாருன்னுதான நெனப்பான்? அதுக்குமேல இந்த வாசலுக்கு வருவானா அவன்? எனக்கு ஸ்பேர் சாவியே வேண்டாம் தம்பி. இருக்கத வச்சே ஓட்டிக்கிடுதோம்.

— யம்மா, அழாத. இரு, நான் இன்னும் பேசி முடிக்கல. உன் வண்டிக்கு இன்னொரு வழி கீது. பழசு எதையும் அழிக்காம, அது மேலயே புதுசு ஒண்ண ஏத்தலாம். கொஞ்சம் டயம் புடிக்கும், அவ்ளோதான். தம்பி சாவி அப்டியே உசுரோட இருக்கும்.

— நல்லா இருப்ப தம்பி. அப்படியே செய்யி.

— மொதல்ல மிஷின சொருவி, வண்டில எத்தினி சாவி ஏறிக்கீதுன்னு பாத்துக்கறேன். சார், அந்தச் சாவிய குடு.

— வேண்டாம்ப்பா. வெயில் ஏறிருச்சு. இன்னொரு நாள் வாரோம்.

— ரெண்டு நிமிசம் சார். சாவி குட்தா ஆன் பண்ணிப் பாத்துட்டு சொல்லிட்றேன்.

— இவளுக்குத்தான் சாவி வேண்டாம்னு சொல்லிட்டாளே. கமலம், வா போவோம்.

— என்னத்துக்கு இப்படிப் பதறுதிய? சாவிய அந்தத் தம்பிட்ட குடுங்க.

— கமலம், சொன்னாக் கேளு.

— குடுங்கங்குதேன்.

— இந்தாப்பா.

— தோ, ஆன் பண்ணிட்டேன். இரு... இன்னா இது.

— என்ன தம்பி?

— ஒண்ணுமில்லமா, ஒயரு சரியா ஒக்காரல போல. இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கறேன்.

— இப்ப?

— அதேதான் காட்டுது. ரெண்டு காட்டணும்மா. ஒண்ணுதான் கீது. தோ, சார் கைலேர்ந்து வாங்குன இது மட்டுந்தான். அந்த இன்னொரு சாவிய யாரோ முன்னாடியே வண்டிலேர்ந்து அழிச்சுட்டாங்க.

— யாரு அழிப்பா? வண்டி எங்க வீட்டு வாசல்லதான நிக்கும். இவியளத் தவிர வேற யாரும் அதத் தொடுததே... ஏங்க. என்னப் பாருங்க.

— அவன் போன மறுவாரம். ஆவடில ஒரு கடைல.

— அம்புட்டுக் கோவமா உங்களுக்கு?

— கோவம் இல்ல கமலம். சத்தியமாக் கோவம் இல்ல. அவன் ரோசக்காரன். என்னைக்காவது வருவான், நம்ம கண்ணுல படாம கீழருந்தே வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவான்னு பயந்தேன். அப்புறம் நமக்கு அவனப் பிடிக்க என்ன இருக்கு? வண்டி கெளம்பலன்னா என்ன செய்வான்? மேல ஏறி வந்து கதவத் தட்டித்தான ஆகணும். தட்டுனா நான் போய்த் தொறக்கலாம்னு இருந்தேன்.

— யம்மா, இந்த ஸ்டூல்ல குந்து. சார், நீயும் குந்து. நான் தண்ணி கொண்டாறேன்.

— தட்டியிருப்பான், எம் பிள்ள. தட்டித் தட்டிப் பாத்திருப்பான். நாமல்லா வீட்டப் பூட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம்.