ஏழு கட்டை

நவமணி: கதவ சாத்துடா. ஏர்கோன் வெளிய போவுது.

தேவன்: எவ்வளவு நேரம்க்கா வேனுக்குள்ளயே உட்கார்ந்திருப்பீங்க? எறங்கி வாங்க. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் உள்ள காத்துக்கிட்டு இருக்கு.

நவமணி: எதுக்கு? ம்ம்ம்முன்னு முனகறதுக்கா?

தேவன்: அது வந்து...

நவமணி: நாங்க என்ன கொசுவாடா? சுங்கைப்பட்டாணியிலேருந்து அலோர் ஸ்டாருக்கு வேன் புடிச்சி வந்து, வயலின்காரங்களுக்குப் பின்னால நின்னு முனகணுமா?

தேவன்: ஹம்மிங்னு சொல்லுவாங்கக்கா.

நவமணி: பேரு எனக்குத் தெரியும். காசு வாங்கிப் பாடுற குழுடா நாம. பாடத்தான் கூப்பிட்டாங்க. முனகறதுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லு.

தேவன்: கண்டக்டரும் என்ன செய்வாரு? காலையில ரிகர்சல்ல நம்மாளுங்க ஒருத்தருக்கும் குரல் மேல ஏறல. கத்துனாங்க. அவரு காத பொத்திக்கிட்டாரு.

நவமணி: கண்டக்டராம் கண்டக்டரு. பின்னால போ, பின்னால போன்னு... பஸ் கண்டக்டர்கூட இப்படித் தள்ள மாட்டான்.

தேவன்: மெதுவாக்கா. ஆளுங்க நிக்கிறாங்க.

நவமணி: நிக்கட்டும். நம்ம பாட்டு அஞ்சு கட்டை சுருதி. கட்டுன நாள்லேருந்து அஞ்சுதான். இங்க எப்படி ஏழு ஆச்சு?

தேவன்: அதான் சொன்னேனே... ஃபோன்ல அஞ்சு கட்டைன்னு சொன்னேன். அவரு அஞ்சு ஷார்ப்புன்னு எடுத்துக்கிட்டாரு. அஞ்சு ஷார்ப்புன்னா இங்கிலீஷ் மியூசிக் கணக்குல பி. நம்ம கணக்குல ஏழு கட்டை. அப்படியே எல்லா வாத்தியத்துக்கும் எழுதிட்டாரு.

நவமணி: கட்டைன்னா என்னான்னே தெரியாத ஆள்கிட்ட கட்டைன்னு சொன்னியா? ஜி-ன்னு சொல்ல முடியாம வாயில என்ன, கொழுக்கட்டையா?

தேவன்: பழக்க தோஷம்...

நவமணி: உன் பழக்க தோஷத்துல என் பாட்டு போச்சு. முன்னால நின்னு நான் பாட வேண்டியத, கோலாலம்பூர்லேருந்து வந்த அந்த கேஎல் பொண்ணு பாடுறா. பாடறத கேட்டியா நீ?

தேவன்: நல்ல குரல்தான்க்கா...

நவமணி: 'பால் வடியுது மரத்துல'ன்னு வரி. தமிழ் படிக்கத் தெரியாதுன்னு ஏபிசிடி-ல எழுதிக் குடுத்திருக்கானுங்க. அவ 'பல் வடியுது மரத்துல'ன்னு பாடுறா. ரப்பர் மரத்துல பல்லு வடியுதாம்!

தேவன்: க்கும்...

நவமணி: சிரிச்ச, அறைஞ்சிருவேன். ஜித்ராவுலேருந்து பஸ் வச்சி வராங்க, பூராவும் பால்மரம் வெட்டுன சனம். அதுங்க முன்னாடி பல்லு வடியுதுன்னு அவ பாட, நாங்க பின்னால ம்ம்ம்மா?

தேவன்: அந்த வார்த்தைய நான் சொல்லித் திருத்திடறேன்.

நவமணி: சுருதியத் திருத்தச் சொல்லு.

தேவன்: சாயங்காலம் ஷோ. இனிமே அத்தன பேரோட மியூசிக்கையும் மாத்தணும்னா... முடியாதுக்கா, தா பொலே லா.

நவமணி: கேட்டியா?

தேவன்: என்னத்த?

நவமணி: மாத்த முடியுமான்னு அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

தேவன்: அவரு பிஸியா இருந்தாரு...

நவமணி: கேக்கல.

தேவன்: கேட்டு என்னக்கா ஆகப்போவுது? நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க. காடி ஏற்பாடு பண்றேன். மணிக்கா மானஸ்தி, முனக மாட்டேன்னு போயிட்டாங்கன்னு நானே சொல்றேன். ஒருத்தனும் உங்கள குத்தம் சொல்ல மாட்டான்.

நவமணி: என்னைய தொரத்துறியா?

தேவன்: ஐயோ, அப்படி இல்லக்கா...

ஷீலா: மணிக்கா! மணிக்கா! கதவ தொறங்க!

நவமணி: ஏண்டி ஷீலா, பாட வேண்டியவ இப்படி மூச்சு வாங்க ஓடியார?

ஷீலா: எறங்குங்க, எறங்குங்க! அஞ்சு கட்டை! மாத்தியாச்சு!

தேவன்: யாரு மாத்துனா?

ஷீலா: கண்டக்டருதான். நான் போயி கீபோர்ட்ல தட்டிக் காட்டுனேன், இதுதான் எங்க சுருதின்னு. இத ஏன் முன்னாடியே சொல்லலன்னாரு. கம்ப்யூட்டர்ல மாத்தி, பிரிண்ட் எடுத்து, எல்லாருக்கும் குடுத்தாச்சு.

தேவன்: உன்ன யாரு போகச் சொன்னா?

ஷீலா: என்னண்ணே... நல்லதுதானே பண்ணேன்?

தேவன்: கோரஸ்ல நிக்கிறவளுக்கு அவர்கிட்ட என்ன பேச்சு? குழுவுக்கு தலைவன்னு நான் எதுக்கு இருக்கேன்?

நவமணி: அவகிட்ட ஏன்டா கத்துற?

ஷீலா: விடுங்கக்கா, தன் தப்பு வெளிய வந்துருச்சின்னு கோவம். இன்னும் ஒரு கூத்து கேளுங்க. கண்டக்டரு தப்ப ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. தேவண்ணனே 'பி'ன்னு சொன்னாராம். கட்டைங்கற வார்த்தையவே அவரு கேட்டதில்லையாம். பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் லா.

நவமணி: பி-ன்னா சொன்னான்?

ஷீலா: கேஎல் பொண்ணு ஒதுங்கிக்கிட்டா. முன்னால நீங்கதான். நாங்களும் வார்த்தையோட பாடறோம். வாங்கக்கா!

நவமணி: நீ போ. வரேன்.

ஷீலா: சீக்கிரம்க்கா, அவரு...

நவமணி: போடீங்கறேன்!

தேவன்: அக்கா...

நவமணி: அவ போயிட்டாளா? சொல்லு. பி-ன்னு சொன்னியா?

தேவன்: ஷோவுக்கு நேரமாச்சுக்கா...

நவமணி: கேட்டதுக்கு பதில் சொல்லு.

தேவன்: சொன்னேன்.

நவமணி: வேணும்னேவா?

தேவன்: வேணும்னேதான்.

நவமணி: யாருக்காக? அந்த கேஎல்காரிக்கு என் எடத்தக் குடுக்கவா?

தேவன்: அவ யாருன்னே இன்னிக்கிதான் பாக்கறேன். உங்களுக்காகத்தான்.

நவமணி: என்னடா ஒளர்ற?

தேவன்: திகாம் பத்து ஊர்க் கோயில்ல பாடுனப்ப, மேல போற எடத்துல மைக்க தள்ளிப் புடிச்சிக்கிட்டு வாய மட்டும் அசைச்சீங்க. ஷீலா சத்தத்துல கூட்டத்துக்குத் தெரியல. நான் பக்கத்துலதான் நின்னேன். தைராய்டு ஆபரேஷன் பண்ணதுலேருந்து உங்களுக்கு அஞ்சே ஏறலக்கா.

நவமணி: நிறுத்து.

தேவன்: எறக்கிப் பாடலாமான்னு கேட்டா அடிக்க வருவீங்க. வேற ஆள் போடட்டுமான்னா குழுவையே கலைச்சிருவீங்க. ஏழுன்னா எல்லாருக்கும்தான் ஏறாது. உங்கள மட்டும் யாரும் தனியா பாக்க மாட்டாங்க. சண்ட போட்டுட்டு மரியாதையா கெளம்பிருவீங்கன்னு நெனச்சேன்.

நவமணி: அதுக்கு இத்தன பேர் வாயையும் அடைப்பியா? நாயே... உன்கிட்ட யாருடா கேட்டா இந்தப் பாவம் பாக்கற வேலைய?

தேவன்: திட்டுங்க. இப்ப உள்ள போயி என்ன சொல்ல?

நவமணி: ஷீலாவ முன்னால நிக்கச் சொல்லு. எல்லா வரியும் அவளுக்குத் தெரியும். 'பால்'ன்னு சொல்ல வரும்.

தேவன்: சரிக்கா. கண்டக்டர்கிட்ட நடந்தத நானே சொல்லிடறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க பழகச் சொல்லி அனுப்புன மியூசிக்கக்கூட நான் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போடல. காலையில இங்க வந்து கேக்கற வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்...

நவமணி: நீ போடலன்னா? முன்னால பாடறவ நான்னு எனக்கு நேரா அனுப்புனாங்கடா, போன வாரமே. மொத அடியிலயே ஏழுன்னு தெரிஞ்சிருச்சி. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல... அன்னிக்கித்தான்டா நான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியா தூங்குனேன்.