நாம் தெளித்த தண்ணீர்

எழுபத்து நான்கு வயதிலும் இந்தச் சித்திரை வெயிலுக்கு அசராமல் தலைமை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியவர் பொன்னுச்சாமி அவர்களே, மேடையில் இடமிருந்தும் மக்களோடு மண்ணில் அமர்ந்துவிட்ட ஊராட்சித் தலைவி தங்கலட்சுமி அவர்களே, பந்தல்குடியிலிருந்தும் பாலவனத்தத்திலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் பாடுபடும் பெருமக்களே, காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நிற்கும் என் தாய்மார்களே, சின்னக்கண்மாய்ப்பட்டியின் இந்த மந்தைத் திடலில் திரண்டிருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் காசிராஜனின் வணக்கம்.

நான் இந்த ஊரில் பிறந்து, பந்தல்குடியில் விதைக்கடை வைத்திருப்பவன். கோயில் கொடை என்றாலும் கல்யாணம் என்றாலும் கூப்பிட்ட இடத்தில் நான்கு வார்த்தை அழகாகப் பேசுகிறவன். இன்று அழகாகப் பேச வரவில்லை, ஆத்திரத்தோடு வந்திருக்கிறேன். யார்மேல் ஆத்திரம்? பாதி டெல்லியின்மேல். மீதிப் பாதி யார்மேல் என்பதைக் கொஞ்சம் பொறுங்கள், நானே சொல்கிறேன்.

ஐப்பசி பொய்த்தது. கார்த்திகை கைவிட்டது. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமல் கருகியது. தண்ணீர் தளும்ப வேண்டிய கண்மாயில் ஆடு மேய்ந்தது. இதையெல்லாம் நம் மாநில அரசு எழுதி அனுப்ப, வறட்சியைக் கண்ணால் பார்க்க டெல்லியிலிருந்து ஆறு அதிகாரிகள் மாசி மாதத்தில் வந்தார்கள். நம் ஊருக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்துக்கு நாம் என்ன செய்தோம்? விருந்தாளி வருகிறார் என்றதும் நமக்குத் தலைகால் புரியாதே. மலையடிவாரத்து வத்திராயிருப்பிலிருந்து குலை தள்ளிய வாழைமரம் ஒரு லோடு வந்து இறங்கியது. ஊர் எல்லையில் தோரணம் ஏறியது. தெருவில் புழுதி பறக்கிறதே, வருகிறவர்களின் வெள்ளைச் சட்டை என்னாவது என்று ஒருவன் கவலைப்பட்டான். தண்ணி லாரி நான்கு நாளைக்கு ஒருமுறை வந்து, வீட்டுக்கு ஆறு குடம் அளந்து ஊற்றிய காலம் அது. அந்த ஆறில் ஒரு குடத்தைத் தெருவில் தெளிக்கக் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டவன் யார்? நான்தான்.

எல்லோரும் கொடுத்தீர்கள். கடைசி வீட்டு மாரிக்கனி மட்டும் குடத்தை விடவில்லை. இரண்டு ஏக்கர் மானாவாரி விளைச்சலை மொத்தமாகப் பறிகொடுத்தவர். பிள்ளைபெற்ற மகள் பச்சை உடம்போடு வீட்டுக்குள் படுத்திருந்த நேரம். அவர் கேட்டார்:

“அண்ணாச்சி, தண்ணி இல்லன்னு காட்டத்தான அவுகளக் கூப்புட்டோம்? பொறகு எதுக்குத் தெளிக்கீக?”

நான் சொன்னேன், “ஊரு மானம் என்னாகும் தாயி? ஒரு குடந்தான.”

அவர் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். தூக்கிக் கொடுத்தார்.

குழு வந்தது. காரை விட்டு இறங்கியது. மாலை போட்டோம். நான் மைக்கைப் பிடித்தேன். பிடித்தால் விடுவேனா? “வளங்கொழிக்கும் குண்டாற்றுச் சீமை உங்களை வருக வருக என வரவேற்கிறது, பொன் விளையும் எங்கள் பூமி உங்கள் பாதம் பட்டுப் பூரிக்கிறது” என்று பொழிந்து தள்ளினேன். நீங்கள் கை தட்டினீர்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னார். பெரிய அதிகாரி குறித்துக்கொண்டார். நம் தமிழையும் டெல்லி குறித்துக்கொள்கிறதே என்று நான் பூரித்துப் போனேன்.

என்ன குறித்தார்கள் என்பது பங்குனியில் தெரிந்தது. எங்கள் வட்டாரத்தை ஏன் வறட்சிப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று நம் தொகுதி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கேட்டார். அமைச்சர் எழுத்தில் தந்த பதில் இதோ என் கையில் இருக்கிறது. படிக்கிறேன், கேளுங்கள். “மேற்படி கிராமத்தில் தெருக்களில் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது. குலை தள்ளிய வாழை மரங்கள் காணப்பட்டன. செயற்கைக்கோள் படத்தில் வட்டாரம் பசுமையாக உள்ளது. தங்கள் நிலம் பொன் விளையும் பூமி என்று உள்ளூர்ப் பிரதிநிதியே தெரிவித்தார்.”

அந்தப் பிரதிநிதி நான்தான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தப்பில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் வாய் செய்த தப்பை நான் ஒத்துக்கொண்டேன். அவர்கள் கண் செய்த தப்பை யார் ஒத்துக்கொள்வது? வானத்திலிருந்து பச்சையாகத் தெரிந்தது எது? கண்மாய் கண்மாயாக மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம்! மழையே இல்லாமல் வளரும் முள்ளை விளைச்சல் என்று எண்ணச் சொன்ன விதியை வகுத்தது யார்? வகுத்தவர் காலில் ஒரு முள்ளாவது தைத்திருக்குமா? ஐயா, அந்தக் காரிலிருந்து பத்து அடி தள்ளி மாரிக்கனியின் மானாவாரிக் காடு கருகிக் கிடந்தது. பத்து அடி நடக்க உங்கள் சட்டத்தில் இடமில்லையா?

சட்டம் இருக்கிறது. பேரிடர் என்றால் என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாநிலம் கேட்கலாம், ஒன்றிய அரசு பார்க்கலாம், குழு எழுதலாம், அமைச்சர் முடிவெடுக்கலாம். கேட்பது ஒரு கை, பார்ப்பது ஒரு கண், எழுதுவது ஒரு பேனா. இந்த வரிசையில் தாகம் எடுத்தவளின் வாய் எங்கே இருக்கிறது? புயல் வந்தால் கேமரா வருகிறது. வெள்ளம் வந்தால் ஹெலிகாப்டர் வருகிறது. வறட்சி சத்தம் போடாமல் வருகிறது, அதனால் அதற்கு இருபது நிமிடம்! நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய தலைவர்கள் கூடி எழுதிய சட்டம்தானே? நமக்காக எழுதிய சட்டத்துக்கு நம்மை அடையாளம் தெரியவில்லை என்றால், கோபம் வராமல் என்ன செய்யும்?

பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்குத் தண்ணி லாரி இல்லை. பங்குனி பத்தாம் தேதியோடு லாரி நின்றது. அன்றிலிருந்து நம் பெண்கள் இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்து பம்புசெட்டுக்கு நடக்கிறார்கள். அங்கே கரண்டு வருகிற நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். போன வாரம் திரும்பி வரும்போது மாரிக்கனி குடத்தோடு தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அதோ, மூன்றாவது வரிசையில் கட்டுப் போட்ட கையோடு அமர்ந்திருக்கிறார். அன்றைக்கு ஒரு குடம் கேட்ட என்னைப் பார்த்து இன்றுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாநில அரசு மறுபடி எழுதியது. நம் உறுப்பினர் விடாமல் நின்றார். வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு குழு வருகிறது.

என்ன பாண்டீஸ்வரன், என்ன கேட்கிறீர்கள்? சத்தமாகக் கேளுங்கள்.

“வாழமரம் வேண்டாம் அண்ணாச்சி, சரி. தூரத்துல இருந்து வாராக. ஒரு வாய் தண்ணி கூடவா கொடுக்காம அனுப்ப முடியும்?”

முடியாது. எனக்கும் மனசு வராது. வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத ஊர் என்ற பேர் நமக்கு வேண்டாம். கொடுப்போம். ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டமே கூட்டினேன்.

தெரு தெளிக்கக் கூடாது, புழுதி பறக்கட்டும். தோரணம் கூடாது, மாலை கூடாது, பாட்டில் தண்ணீர் ஒன்றுகூட இந்த எல்லைக்குள் வரக் கூடாது. அவர்களைக் கருகிய காட்டு வழியாக, கருவேலங்காட்டு வழியாக, அந்த இரண்டு மைலும் நடத்திக் கூட்டிப் போவோம். நம் பெண்கள் நிற்கும் வரிசையில், நம் பெண்களுக்குப் பின்னால் அவர்களும் நிற்கட்டும். முறை வந்ததும் முகம் மலர வாங்கிக் குடிக்கட்டும். நாம் குடிக்கிற தண்ணீரை, நாம் குடிக்கிற இடத்தில், நாம் நடந்த தூரம் நடந்து குடிக்கட்டும். குடித்துவிட்டு அங்கேயே நின்று எழுதட்டும், இந்த ஊரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று.

இத்தனை நேரம் என் பேச்சைப் பொறுமையோடு கேட்டதற்கு நன்றி. இதுதான் இப்போதைக்கு நான் பேசுகிற கடைசிப் பேச்சு. வெள்ளிக்கிழமை நான் வாய் திறக்க மாட்டேன். அன்றைக்கு வரவேற்புரை மாரிக்கனி. எழுதித் தரட்டுமா தாயி என்று காலையில் கேட்டேன். “எனக்கு எதுக்கு அண்ணாச்சி எழுத்து? சொல்ல ஒண்ணுதான இருக்கு” என்றார். அவர் சொல்லப்போவதையே இந்தக் கூட்டத்துக்கும் என் வணக்கமாக வைத்து அமர்கிறேன்:

“வாங்கய்யா. ஊருக்குள்ள தண்ணி இல்ல. எங்கூட நடங்க.”