கடைசிப் பெட்டியில் ஏறிய புதிய ஆள்

பெயர்: கிளெனிஸ் ஃபரூஜியா. வயது: 63. முகவரி: 2/41, மில்ஹவுஸ் தெரு, பென்ஸ்ஹர்ஸ்ட், சிட்னி. தொழில்: ரயில்வே டிக்கெட் எழுத்தர், ஓய்வு. மே மாதம் 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை கோஸ்ஃபோர்டு காவல் நிலையத்தில் விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். ரயில்வேயில் இருபத்து மூன்று வருடம் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு ஏழு வருடமாக ஒரு நடைக் குழுவை நடத்தி வருகிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை சிட்னியிலிருந்து ரயிலில் போய், ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வேறொரு நிலையத்திலோ படகுத்துறையிலோ ஏறி ஊர் திரும்புவோம். யாரும் கார் கொண்டுவரக் கூடாது என்பது ஒன்றே விதி. எந்தத் தேதி, எந்த ரயில், எந்தப் பெட்டி, எங்கே இறங்குகிறோம், எங்கே முடிக்கிறோம் என்பதை மூன்று மாதம் முன்பே இணையப் பக்கத்தில் போட்டுவிடுவேன். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இமெல்டா ரூக், வயது 47, இரண்டு வருடத்துக்கு முன் குழுவில் சேர்ந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர். யாராவது படம் எடுத்தால் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வார். மூன்றாவது நடையில் அதைக் கவனித்துக் கேட்டேன். "என்னைத் தேடற ஆள் ஒருத்தன் இருக்கான், கிளெனிஸ். இதுக்கு மேல கேக்காத" என்றார். நானும் கேட்கவில்லை.

கடந்த பிப்ரவரியில் ஒரு நடையின் படங்களை நான் பக்கத்தில் போட்டேன். அதில் ஒன்றில், பின்னால் பாறைமேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இமெல்டாவின் முகம் பாதி தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் போனில் சொன்னதும் எடுத்துவிட்டேன். அந்தப் படம் நான்கு நாள் அங்கே இருந்தது.

அதன் பிறகு மே மாதம் முதல் வாரத்தில் லாயிட் ஆஷ்பி என்ற பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புதியவர்கள் வரலாமா, முன்பே பெயர் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். பெயர் கொடுக்க வேண்டியதில்லை, 17ஆம் தேதி சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் எட்டேகால் ரயிலின் கடைசிப் பெட்டிக்கு வந்தால் போதும் என்று நானே பதில் எழுதினேன். அன்றைய நடை வொண்டபைன் நிலையத்திலிருந்து பட்டோங்கா படகுத்துறை வரை. வொண்டபைனில் மேடை மிகவும் குட்டை. கடைசிப் பெட்டியின் கடைசிக் கதவு மட்டும் திறக்கும். இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்பே சொல்ல வேண்டும், ஏற வேண்டுமானால் மேடையில் நின்று கை காட்ட வேண்டும். அந்த நிலையத்துக்குச் சாலை கிடையாது.

17ஆம் தேதி என்னையும் சேர்த்து ஒன்பது பேர் வந்திருந்தோம். மேற்படி லாயிட் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், தடித்த உடம்பு. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஹார்ன்ஸ்பி என்றார். நாங்கள் ஏறிய ரயில் ஹார்ன்ஸ்பியில் நின்றுதான் போகும். அங்கே குடியிருக்கும் எவரும் முக்கால் மணி நேரம் சென்ட்ரலுக்குப் போய், அதே வழியில் திரும்பி வர மாட்டார்கள். ரயில் ஹார்ன்ஸ்பியில் நின்றபோது அவர் வெளியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெஸ்லி பிராடியிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு வயது 71, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நான் இல்லாத நாளில் குழுவை நடத்துபவர். அவர் என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். "ஸ்டேஷன் மாஸ்டர், உங்க கண்ணுக்கு எல்லாருமே டிக்கெட் எடுக்காம வந்தவன் மாதிரிதான் தெரிவாங்க. ராத்திரி சிநேகிதி வீட்ல தங்கியிருப்பான், விடுங்க" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

ஒன்பதரை மணிக்குமேல் வொண்டபைனில் இறங்கி மேட்டில் ஏறினோம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதுதான், அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. லாயிட் அதைக் கேட்கவில்லை. நாம் படகுத்துறைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று இரண்டு முறை கேட்டார். மூன்று மணிக்குள் என்றேன். அவருடைய காலணி புதியது. அதில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை இன்னும் இருந்தது. அரை லிட்டர் தண்ணீர்கூட அவரிடம் இல்லை. எல்லோரிடமும் பேசினார், ஒருவருடைய முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு வந்தார். இமெல்டாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. ஒன்பது பேர் நடக்கும் வரிசையில் ஒருவரை மட்டும் பார்க்காமல் நடப்பது எளிதல்ல என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு பதினொன்றரை மணி சுமாருக்கு ஆறு தெரியும் மேட்டுப் பாறையில் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த வழியில் போன் வேலை செய்யும் இடம் அது ஒன்றுதான். லாயிட் புதர் மறைவுக்குப் போனார். நான் பாறையின் மறுபக்கம், காற்றில் பறந்த வரைபடத்தை எடுக்கப் போனேன். அவர் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "நீலத் தொப்பி. ஆமா, அவதான். என்னை அவளுக்குத் தெரியல. மூணு மணிக்குள்ள படகுத்துறை. வண்டிய ஒட்டி நிறுத்தி வை, பின்கதவ திறந்தே வச்சிரு." நான் கேட்டது இவ்வளவுதான். நீலத் தொப்பி அணிந்திருந்தவர் இமெல்டா.

அப்போதே ஏன் காவல் துறைக்குப் போன் செய்யவில்லை என்று அதிகாரி கேட்கிறார். என் போன் பையில்தான் இருந்தது. நான் நினைத்தது தவறாக இருந்தால் எட்டுப் பேர் முன்னால் கேவலமாகப் போய்விடுமே என்று யோசித்தேன். அதுதான் உண்மை.

நான் இமெல்டாவின் காலில் கொப்புளம் பார்ப்பதுபோல் குனிந்து, கேட்டதைச் சொன்னேன். அவர் பாதி தின்ற பீட்ரூட் சாண்ட்விச்சை டப்பாவில் வைத்து மூடினார். திரும்பத் திறந்து, மறுபடி மூடினார். "வெள்ளை வேனா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வெள்ளை வேனாத்தான் இருக்கும்" என்றார். எதிரி கர்ட் டன்லப் அவருடைய முன்னாள் கணவர் என்பதும், அவர் இமெல்டாவை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருப்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் எழுந்து, இமெல்டாவுக்குக் கால் சுளுக்கிவிட்டது, அவரை வொண்டபைனுக்கே திருப்பி அழைத்துப் போய் ரயில் ஏற்றுகிறேன், மற்றவர்களை வெஸ்லி கூட்டிப் போவார் என்று சொன்னேன். கார் வர முடியாத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வெஸ்லியிடம் காரணம் சொல்லவில்லை. லாயிட் எழுந்து வந்து, "பாவம், ரெண்டு பேரும் எப்படிப் போவீங்க? நான் தோள் குடுக்கறேன்" என்றார். "வேணாங்க. முதல் தடவை வந்திருக்கீங்க, நடைய முழுசாப் பாருங்க" என்றேன். அவர் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் புறப்பட்டோம்.

கால் மணி நேரத்தில் அவர் எங்கள் பின்னால் வருவதைப் பார்த்தேன். நேரான பாதையில் இமெல்டா என் தோளைப் பிடித்து நொண்டினார். பாதை வளைந்து மறைந்ததும் இருவரும் ஓடினோம். அடுத்த நேர்ப் பாதையில் மறுபடி நொண்டினார். இப்படி ஒரு மணி நேரம் வந்தோம். கடைசி இறக்கத்தில் நொண்டுவதை விட்டுவிட்டோம். அந்தப் பள்ளத்தில் போன் வேலை செய்யவில்லை.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு மேடைக்கு வந்தோம். சிட்னி ரயில் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. லாயிட் எட்டு நிமிடம் கழித்து, முகமெல்லாம் வியர்த்து, வந்து சேர்ந்தார். "கால் சரியாப் போச்சு போல" என்றார். நான் இமெல்டாவுக்கு முன்னால் நின்றேன். அதன் பிறகு அவர், "நான் கெட்டவன் இல்லங்க. கர்ட் கூட வேலை செய்யறேன். ஒரு கடுதாசி குடுக்கணும், அஞ்சு நிமிஷம் பேசணும்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். இமெல்டா முதல் தடவையாக அவரிடம் பேசினார். "கடுதாசி குடுக்க எதுக்குய்யா பின்கதவு?" என்றார். லாயிட் போனை உயர்த்திப் பிடித்து மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். யாருக்குப் போன் செய்யப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

ரயில் வளைவில் தெரிந்ததும் கை காட்டினேன். கடைசிக் கதவு திறந்தது. இமெல்டாவை முன்னால் ஏற்றிவிட்டு, நான் வாசலை மறித்துக்கொண்டு நின்று, கார்டிடம், "ரெண்டு பேர்தான். அந்த ஆள் வரக் கூடாது. காரணம் உள்ள வந்து சொல்றேன்" என்றேன். கார்டு இளம் பெண், என்னை முன்பின் தெரியாதவர். இமெல்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். லாயிட் கதவைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்டு உடனே காவல் துறைக்குத் தகவல் சொன்னார்.

நான் ரயிலிலிருந்து வெஸ்லிக்கு மூன்று முறை போன் செய்தேன். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று நடக்கும்போது அவர் போனை அணைத்து வைப்பார். விஷயத்தைச் சொல்லிப் பதிவு செய்து வைத்தேன்.

பிறகு நடந்தவை நான் கேட்டு அறிந்தவை. போலீசார் இரண்டே கால் மணிக்குப் படகுத்துறைக்குப் போனபோது வெள்ளை வேன் மட்டும் பின்கதவு திறந்தபடி நின்றது. எதிரி டன்லப் பொறுக்காமல், எதிர்த் திசையிலிருந்து பாதையில் ஏறி வந்துவிட்டார். முன்னால் நடந்த வெஸ்லியிடம் நீலத் தொப்பிப் பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார். வெஸ்லி யாரோ உறவுக்காரர் என்று நினைத்து, கால் சுளுக்கி ரயிலுக்குத் திரும்பிவிட்டார் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். டன்லப் அவரை நெஞ்சில் பிடித்துத் தள்ளியதில் பாறைப் படியில் விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. டன்லப் இறங்கி வேனுக்கு வந்தபோது கைது செய்யப்பட்டார். வேனில் என்ன இருந்தது என்று கேட்டேன். அதிகாரி சொல்லவில்லை.

லாயிட் அடுத்த ரயிலில் ஏறி கோஸ்ஃபோர்டில் இறங்கித் தாமாகவே காவல் நிலையத்துக்கு வந்ததாக அதிகாரி சொன்னார். அதை நான் முழுதாக நம்பவில்லை. வரும் வழியில் அவர் யாருக்கெல்லாம் போன் செய்தார் என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று வெஸ்லியை மருத்துவமனையில் பார்த்தேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஸ்டேஷன் மாஸ்டர்" என்றார். "உங்க மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும், வெஸ்லி" என்றேன். "அது சரி. ஆனா பொய் சொல்லவாவது எனக்கு ஒரு வாய்ப்பு குடுத்திருக்கலாம்ல" என்றார். அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொண்டுபோன திராட்சையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இமெல்டா ரூக் இப்போது எங்கே இருக்கிறார் என்று அதிகாரி கேட்கிறார். எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தின் நகல் எதிரியின் வழக்கறிஞருக்கும் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். ஆகவே சொல்ல மாட்டேன். நீதிபதி கேட்டால் ஒரு தாளில் எழுதி அவர் கையில் மட்டும் கொடுப்பேன். இமெல்டாவின் முகவரிக்கான வரியை வெறுமையாக விடச் சொன்னேன். விடப்பட்டுள்ளது:

இமெல்டா ரூக்கின் தற்போதைய முகவரி: ______________________

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. தெரிந்தும் சொல்லாமல் விட்டது அந்த ஒரு வரிதான்.

(ஒப்பம்) கிளெனிஸ் ஃபரூஜியா