நீல மூடிக் கேனில் ‘அருவி’

மீட்புப் பிரிவின் ஓராண்டு நிறைவு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆலை மேலாளர், பெருமதிப்பிற்குரிய ஜெபசிங் அண்ணாச்சி அவர்களே, ஆலங்குளத்திலிருந்தும் பண்பொழியிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, சாரலில் நனைந்தும் எழுந்து போகாத தாய்மார்களே, தோள்கொடுத்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே, காஸ்டிக் சோடா மீட்புப் பிரிவைக் கவனிக்கும் சிவனணைந்தபெருமாளின் வணக்கம்.

கைதட்ட வேண்டாம். பொன்னாடை மேசை மேலேயே இருக்கட்டும், அண்ணாச்சி. அதைப் போர்த்திக்கொள்ளும் துணிவு இன்று எனக்கு இல்லை.

துணிக்கு மினுமினுப்பை ஊட்டுவது எது? காஸ்டிக். தோலைத் தின்று தொண்டையைத் துளைப்பது எது? அதே காஸ்டிக். துணியை அலசிய கழிவாக வந்தபோது அது பழுப்பாக இருந்தது. ‘கஷாயம்’ என்றோம்; கண்டாலே கால் பின்வாங்கியது. ஓராண்டாக அந்தக் கஷாயத்தை வடிகட்டுகிறோம், நிறம் நீக்குகிறோம், காய்ச்சிக் கெட்டியாக்கி மறுபடியும் துணிக்கே விடுகிறோம். ஓடைக்குப் போனது ஆலைக்குத் திரும்பியது. பெருமைதான். ஆனால் கறை போனதே, காரம் போனதா? நிறம் போனதே, நஞ்சு போனதா? பளிங்குபோல் வந்த அதற்கு நாம் வைத்த பெயர் என்ன?

ஆமா, அங்கன பின்னால சரியாத்தான் சொல்லுதீய. ‘அருவி’. அந்தப் பெயரை வைத்தவன் நான்.

இந்த மேடையில் உங்களுக்குக் காட்டுவதற்காக நேற்றுக் காலை இரண்டு கேன்களில் அதைப் பிடித்தேன். குற்றாலத்துக் கடைகளில் விற்கிற நீல மூடி வெள்ளைக் கேன்கள். என் கையாலேயே ‘அருவி’ என்று எழுதினேன். சீசன் அல்லவா? குளிக்கப் போனவர்கள் பிடித்து வந்த அருவித் தண்ணீர்க் கேன்கள் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக இருந்தன. போன் வந்தது. என் இரண்டையும் அவற்றோடு வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

கையில் கட்டோடு இதோ உட்கார்ந்திருக்கிறார், மடிப்புப் பிரிவு சைதூன் பீவி அக்கா. மதியம் உடன் வேலைபார்க்கும் சுகந்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், வழக்கம்போல டம்ளரில் கொஞ்சம் விட்டு விரலால் அலசியிருக்கிறார். சோப்பைத் தொட்டதுபோல் விரல் வழுக்கியிருக்கிறது. “ஏட்டி, குடிக்காத. இது தண்ணி இல்லட்டி” என்று கேனைத் தள்ளிவைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். விரல் தோல் வெந்தது. சுகந்தியின் தொண்டை பிழைத்தது. அலசாமல் கொடுத்திருந்தால்?

அன்பர்களே, பிடித்தது இரண்டு. கிடைத்தது ஒன்று. மற்றது எங்கே? ஆலை முழுக்கத் தேடினோம். ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். சிலர் கிடைக்கவில்லை. அது எந்த ஊரில் இருக்கிறது? எந்த அடுப்படியில் இருக்கிறது? எந்தச் சொம்பில் சாயப்போகிறது? பயத்தைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

யாருலே அது, பேச்சிமுத்தா? லாரியில புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போனவன் இப்பத்தான் வாறியா? சத்தமாச் சொல்லு.

“அண்ணாச்சி, நேத்து ஒரு கேனை எடுத்துப் பண்பொழி வீட்டுல வச்சிட்டுத்தான் லாரி ஏறுனேன். அருவின்னு எழுதியிருந்துச்சு.”

மேலே வா. வீட்டில் மனைவிக்குப் போன் போடு. மைக்குப் பக்கத்தில் பிடி. அவையோர் அமைதி காக்க வேண்டும். மணி அடிக்கிறது. இன்னும் அடிக்கிறது.

“ஏட்டி ஆவுடைத்தாய், அந்தக் கேன்ல தண்ணி எடுத்தியா?”

“எங்கன எடுக்க? மூடி இறுகிக் கெடக்கு. அடுத்த வீட்டு மசூது அண்ணன் வந்திருக்காவ, இப்பத் திருகுதாவ.”

தாயே, நான் பெருமாள் பேசுகிறேன். நிறுத்தச் சொல்லுங்கள். கையை எடுக்கச் சொல்லுங்கள். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள்.

“விட்டுட்டாவ. ஏன் அண்ணாச்சி, அது அருவித் தண்ணிதான?”

இல்லம்மா. பேரு வச்சவன் செஞ்ச தப்பு.

கேட்டீர்களா? ஒரு திருகு மிச்சம் இருந்தது. இனி அதற்குச் செல்லப்பெயர் கிடையாது. காஸ்டிக் என்றே எழுதுவோம், காஸ்டிக் என்றே அழைப்போம், குழாயை விட்டு ஒரு சொட்டும் வெளியே எடுக்க மாட்டோம். என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், டம்ளரை அலசிய அந்த விரல்களுக்கும் என் நன்றி. பொன்னாடையைச் சைதூன் அக்காவுக்குப் போர்த்துங்கள். பேச்சிமுத்து, வண்டியை எடு. எழுதினவனே போய் எடுத்து வாறேன். எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் வழிவிடுங்கள்.